ஆல்பனி மணல் காட்டு லூபின்: நாட்டு வகையா, தோட்ட வகையா?

கேள்வி:
நியூயார்க் மாநிலம் ஆல்பனி பக்கம், பைன் மரங்களுக்கு நடுவே மணல் மேட்டில் நீல ஊதா லூபின் பூத்திருக்கிறது. மே கடைசி, முழங்கால் உயரம். இது அந்த மண்ணின் காட்டு லூபினா, தோட்டத்திலிருந்து பரவியதா?

பதில் 1:
பூவை வைத்துச் சொல்ல முடியாது, இலையைப் பாருங்க. விரித்த கை மாதிரி ஒரே புள்ளியிலிருந்து சிற்றிலைகள் கிளம்பும். மழை விட்டதும் அந்த நடுப்புள்ளியில் ஒரு சொட்டு முத்தாக நிற்கும். சிற்றிலைகள் 7 முதல் 11 வரை, 5 செ.மீ.க்குள், நுனி மழுங்கலாக இருந்தால் லூபினஸ் பெரென்னிஸ், நாட்டு வகை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த தோட்ட வகை, லூபினஸ் பாலிஃபில்லஸில் 9 முதல் 17 வரை இருக்கும். நீளமானவை, நுனி கூர்மை, செடியும் ஒரு மீட்டரைத் தாண்டும். 9, 10, 11 என்று வந்தால் எண்ணிக்கை ஏமாற்றும், நீளத்தையும் அளந்துவிடுங்க. ஒரே இலையோடு நிறுத்தாதீங்க, ஐந்தாறு பாருங்க.

பதில் 2:
இடமும் நாட்டு வகைக்குத்தான் பொருந்துகிறது. வறண்ட மணல், அமில மண், நல்ல வெயில் வேண்டும். மரங்கள் அடர்ந்து நிழல் கட்டினால் பூ குறைந்து செடி மெலிந்துவிடும். கார்னர் புளூ பட்டாம்பூச்சியின் புழு இந்த இலையை மட்டுமே தின்னும். அந்தப் பட்டாம்பூச்சி 1992இல் அமெரிக்காவின் அழியும் இனப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் தயவுசெய்து தோண்டாதீங்க. ஆணிவேர் ஆழமாகப் போகும், அறுந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

கேட்டவர்:
ஆறு இலை எண்ணினேன்: 8, 8, 9, 8, 7, 9. நீளம் 4 செ.மீ. நுனி மழுங்கல்.

பதில் 1:
அப்படியென்றால் பெரென்னிஸ்தான்.