நத்தார் மில்க் வைனில் சாராயம் இருக்கத்தான் வேண்டுமா?

டச்பார்_பேத்தி | நவம்பர் 22, இரவு 8.40

நத்தாருக்கு இன்னும் ஒரு மாதம். சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். போன கிழமை இங்கே ஒரு சகோதரி, "வீட்டில் சாராயத்தில் பழம் ஊறவைப்பதும் கசிப்புக் காய்ச்சுவதும் ஒன்றுதான்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேய, டச்சு வழி வந்தவர்கள். அம்மம்மா வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுவா, வாசலுக்கு வந்தால் தமிழ். சாராயத்தில் பாலும் பழமும் பட்டையும் ஊறவைத்து வடிக்கும் மில்க் வைன் இல்லாமல் எங்கள் வீட்டில் நத்தார் வந்ததே இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோதும் முதல் நாள் மிஞ்சியது அரைச் சாடி மேசையில் இருந்தது. வீடு போனது, அம்மம்மா கைப்பட எழுதிய கொப்பியும் போனது. அவ பிழைத்தா. மறுகா, வடித்து வடித்து அவவுக்கு ருசி பார்க்கக் கொடுத்து, மூன்று நத்தார் எடுத்துத்தான் அளவைத் திரும்பப் பிடித்தோம்.

இப்போது எங்கள் அளவு இதுதான்: 750 மில்லி தென்னஞ்சாராயம், அதே அளவு பசும்பால், அரைக் கிலோ சீனி, நாலு தேசிக்காயின் சாறும் பச்சைத் தோலும், ஒரு தோடம்பழம், ஒரு கைப்பிடி பிளம்ஸ் (உலர்திராட்சை), விரல் நீளக் கறுவாப்பட்டை இரண்டு, ஏலம் ஆறு, கராம்பு ஆறு, சாதிக்காய் கால்வாசி. தேசிக்காய்த் தோலைச் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி ஒட்டக் கூடாது, கசந்துவிடும். எல்லாவற்றையும் சாடியில் போட்டு 14 நாள். ஒவ்வொரு நாளும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கடைசியில் பிளானல் துணியில் வடிப்போம்.

கசிப்பு என்பது களவாகப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. இது கடையில் வரி கட்டி வாங்கிய சாராயத்தில் வாசம் ஏற்றுவது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களை அவமதிப்பதுபோல இருக்கிறது. சின்ன வயதில் அம்மம்மா எங்கள் நாக்கிலும் ஒரு சொட்டு வைப்பா. நாங்கள் யாரும் குடிகாரராகப் போகவில்லை.

---

படுவான்கரையாள் | நவம்பர் 22, இரவு 9.25

அந்தச் சகோதரி நான்தான் அக்கா. உங்கள் அம்மம்மாவைப் பற்றி எழுதவில்லை, அவ மனம் நோகும்படி இருந்தால் மன்னிக்க வேண்டும். காய்ச்சுவதும் ஊறவைப்பதும் வேறு என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். சொல்ல வந்ததை மட்டும் விடமாட்டேன்.

என் அப்பா ஆறு வருசம் குடிக்காமல் இருந்தவர். ஒரு நத்தாருக்குத் தெரிந்தவர் வீட்டுக்குப் போனோம். "இது வைன்தான், பால் போட்டது, பெண்களே குடிப்பார்கள்" என்று சொல்லி நீட்டினார்கள். இனிப்பாக இருந்தது, அப்பா இரண்டு கிளாஸ் குடித்தார். தைப்பொங்கலுக்கு முன்னமே அவரைக் கசிப்புக் கொட்டிலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த வீட்டுக்காரர் கெட்டவர்கள் இல்லை. சாராயம் என்ற சொல்லை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிய அந்த ஒரு சொட்டுத்தான் என்னை உறுத்துகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கடையில் மதுபானம் விற்கக் கூடாது. நாம் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிட்டு, முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உங்கள் வீட்டில் யாரும் குடிகாரராகவில்லை என்றால் சந்தோசம். எல்லா வீடும் உங்கள் வீடு இல்லை.

---

கல்முனைக்காரன் | நவம்பர் 22, இரவு 10.02

தங்கச்சி, உன் அப்பாவின் கதை கவலையாக இருக்கிறது. ஆனால் அதற்காகச் சாடியைக் குறை சொல்லலாமா? குடிக்கிறவன் கள்ளிலும் குடிப்பான். எங்கள் பக்கம் ஹிங்குரானச் சீனி ஆலையில் கரும்பில் இருந்தே மதுசாரம் வடிக்கிறார்கள், அதற்காகச் சீனியை விட்டுவிடுகிறோமா?

என்னைக் கேட்டால் சாராயம் வாங்கவே தேவையில்லை. பங்குனி, சித்திரையில் மரமுந்திரிகைப் பழம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை எறிகிறோம். அதைப் பிழிந்து சீனியும் ஈஸ்டும் போட்டு மூடி வைத்தால் வீட்டு வைன் சும்மா கிடைக்கும்.

---

இரசாயன_மாஸ்டர் | நவம்பர் 23, காலை 6.15

தம்பி, அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். வாங்கிய சாராயத்தில் பழம் போடுவதும், ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பதும் சட்டத்துக்கும் இரசாயனத்துக்கும் வேறு வேறு காரியங்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடும். போத்தலை இறுக்கி மூடினால் வெடிக்கும். இஞ்சிப் பியர் போத்தல் வெடித்துக் குசினிச் சுவரெல்லாம் கண்ணாடி குத்தி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி டச்பார் மகளுக்கு. கணக்கொன்று போட்டுக் காட்டுகிறேன், கோபிக்க வேண்டாம். நம் கடைச் சாராயம் பெரும்பாலும் 33.5 சதவீதம். அப்படியென்றால் 750 மில்லியில் தூய மதுசாரம் ஏறத்தாழ 250 மில்லி. அதற்குள் 750 மில்லி பால், சாறு ஒரு 100 மில்லி. அரைக் கிலோ சீனி கரைந்தால் அதுவும் 300 மில்லிக்குமேல் இடம் பிடிக்கும். மொத்தம் 1,900 மில்லி வரும். சாடியில் இருப்பது ஏறக்குறைய 13 சதவீதம்தான். பால்கட்டி வடிந்துபோனாலும் 14, 15ஐத் தாண்டாது.

20 சதவீதத்துக்குக் கீழே போனால் மதுசாரத்தை மட்டும் நம்பிப் பழத்தையும் பாலையும் வெளியில் வைக்க முடியாது. சீனியும் தேசிப்புளியும் கொஞ்சம் காக்கும், அவ்வளவுதான். கார்த்திகை, மார்கழி மழையில் நம் ஊர்க் குசினி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மிதக்கிற தோடந்தோலில் நாலாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும்.

அதனால் பழத்தையும் பட்டையையும் முதலில் தனிச் சாராயத்தில், முழு வீரியத்தில் ஊறவையுங்கள். பால், சீனி, தேசிச்சாறு மூன்றும் கடைசி நாளில் சேரட்டும். வடித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

---

டச்பார்_பேத்தி | நவம்பர் 23, காலை 7.50

சேர், கணக்குப் பிழையில்லை என்று தெரிகிறது. ஆனால் அம்மம்மா முதல் நாளே பால் ஊற்றினா. பாலும் பட்டையும் சேர்ந்து கிடந்தால்தான் அந்த ருசி வரும் என்று சொல்லுவா. கடைசி நாளில் பால் ஊற்றினால் அது வேறு ஒரு சாமானாகப் போய்விடாதா?

---

இரசாயன_மாஸ்டர் | நவம்பர் 23, பிற்பகல் 1.30

பாலின் வேலை ருசி கொடுப்பது மட்டும் இல்லை மகள். தேசிப்புளி பட்டவுடன் பாலில் உள்ள கேசீன் புரதம் திரளும். திரளும்போது பட்டையிலும் தோலிலும் இருந்து வந்த துவர்ப்பையும் இழுத்துக்கொண்டு போகும். கராம்பைக் கடித்தால் நாக்கு இழுக்கும் அல்லவா, அந்த இழுப்பைப் பால்தான் எடுக்கிறது. அதற்கு இரண்டு வாரம் வேண்டாம், ஒரு இரவு போதும். கல்முனைத் தம்பி சொன்ன மரமுந்திரிகைப் பழத்துக்கும் இதே வைத்தியம் பொருந்தும். தொண்டையைக் கரகரக்கவைக்கும் அந்தத் துவர்ப்பு பாலில் அடங்கும். சித்திரையில் அந்தப் பழத்தைச் சாராயத்தில் போட்டு வைத்து, மார்கழியில் பால் ஊற்றலாம். ஈஸ்ட் வேண்டாம்.

ஊற்றுகிற முறையும் ஒன்று இருக்கிறது. பாலைப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, புளி சேர்ந்த சாராயத்தை அதற்குள் மெல்ல விடுங்கள். மாற்றி ஊற்றினால் கட்டி பொடிப்பொடியாகி வடியாது.

இன்னும் இரண்டு விசயம். அலுமினியப் பாத்திரமும் பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், கண்ணாடியோ பீங்கான் சாடியோதான். சாதிக்காயைக் கூட்டக் கூடாது. அளவு மீறிப் போனால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். கால்வாசி சரி.

---

காத்தான்குடி_தம்பி | நவம்பர் 23, மாலை 5.10

நான் குடிக்காதவன், எனக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு நத்தாருக்கும் எங்களுக்குக் கேக் வருகிறது. பெருநாளைக்கு நாங்கள் வட்டிலப்பம் அனுப்புகிறோம். என் உம்மாவுக்கு அந்தக் கேக் என்றால் உயிர். இரண்டு வருசத்துக்கு முன்தான், உள்ளே இருக்கும் பழம் பிராந்தியில் ஊறியது என்று தற்செயலாகத் தெரிந்தது. கொடுத்தவர்கள் பாசத்தில்தான் கொடுத்தார்கள். உம்மா அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அவ பேசாமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

"போரணையில் வைத்தால் எல்லாம் ஆவியாகிப் போகும்" என்று சிலர் சொல்லுவார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில், ஒரு மணித்தியாலம் வேகவைத்த பிறகும் கால்வாசி மதுசாரம் மிஞ்சும், இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகும் 5 சதவீதம் மிஞ்சும் என்று இருக்கிறது. வெந்த கேக்கின்மேல் கரண்டியால் பிராந்தி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது எங்கே ஆவியாகும்?

அக்கா, செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் வீடு, உங்கள் திருநாள். எங்களுக்குத் தருவதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

---

படுவான்கரையாள் | நவம்பர் 23, இரவு 8.15

தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

மாஸ்டர் 14 சதவீதம் என்று சொன்னதை வைத்து நானும் கணக்குப் போட்டேன். அதில் ஒரு 200 மில்லி கிளாஸ் குடித்தால் 80 மில்லிக்குமேல் சாராயம் உள்ளே போகிறது. அந்த அளவு சாராயத்தைத் தனியாக ஊற்றிக் கொடுத்தால் வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை ஒரே மூச்சில் குடிப்பாளா? பாலும் சீனியும் சேர்ந்து காரத்தை மறைத்துவிடுகின்றன. எனக்குப் பயமே அதில்தான். கசிப்பாவது மணத்தில் தன்னைச் சொல்லிவிடும்.

---

கல்முனைக்காரன் | நவம்பர் 23, இரவு 9.00

200 மில்லிக் கிளாஸில் மில்க் வைன் குடிப்பவனை நான் கண்டதில்லை. சின்னக் கிளாஸில் அரைவாசிதான் ஊற்றுவார்கள்.

மாஸ்டர், ஒரு சந்தேகம். கசிப்பில் கண் போகிறது என்கிறார்களே, ஊறவைக்கிறபோதும் அந்த நஞ்சு வருமா?

---

இரசாயன_மாஸ்டர் | நவம்பர் 23, இரவு 9.40

கண்ணைப் பறிப்பது மெதனோல். தொழிற்சாலை மதுசாரத்தைக் களவாகக் கலந்து விற்கும்போதுதான் பெரும்பாலும் அந்தச் சாவு வருகிறது. பழத்தில் உள்ள பெக்டினில் இருந்து இம்மியளவு வரலாம், வீட்டு அளவுக்கு அது பொருட்டில்லை. ஆனால் ஊறவைக்கிற சாராயத்திலேயே நஞ்சு இருந்தால் பட்டையோ பாலோ அதை எடுக்காது. வாசம் ஏறியதும் அந்தக் கள்ளச் சரக்கை அடையாளம் காண்பது இன்னும் கஷ்டம். மதுவரி ஸ்டிக்கர் இல்லாத போத்தலை விலை குறைவு என்று வாங்கிச் சாடியில் ஊற்றக் கூடாது.

---

டச்பார்_பேத்தி | டிசம்பர் 8, இரவு 7.30

இரண்டு கிழமையாக எழுதவில்லை. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். சாராயத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு சாடியில் அம்மம்மா முறை, ஒன்றில் மாஸ்டர் முறை.

அம்மம்மா சாடியைத் தினமும் கிண்டினேன். அப்படியிருந்தும் ஒன்பதாம் நாள், கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு தோடந்தோலில் பச்சையாகப் பூத்திருந்தது. அந்தச் சாடியை அப்படியே கொட்டினேன். அம்மம்மா காலத்தில் அவ சாடிக்குப் பக்கத்திலேயே இருப்பா. நான் வேலைக்குப் போய் வருகிறவள்.

மாஸ்டர் சாடியில் கராம்பு தூக்கலாகப் போனது. தனிச் சாராயத்தில் அது வேகமாக இறங்கிவிடுகிறது. நாலாம் நாளே எடுத்திருக்க வேண்டும், ஆறுக்குப் பதில் மூன்று போதும். நேற்று இரவு பாலைப் பீங்கான் கோப்பையில் வைத்து, தேசிச்சாறு விட்ட சாராயத்தை நூல்போல ஊற்றினேன். கண்முன்னே திரண்டது. இன்று காலையில் பிளானல் துணியில் விட்டபோது முதலில் வந்தது கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கலாக இருந்தது. பயந்துபோய், துணியில் தங்கிய கட்டியின் மேலேயே அதைத் திரும்ப ஊற்றினேன். அதற்குப் பிறகு துளித்துளியாக, தேன் நிறத்தில், கீழே இருந்த கிளாஸின் அடி தெரிகிற தெளிவில் வந்தது. ஒரு போத்தல் வடிய மத்தியானம் ஆகிவிட்டது. கராம்பை விட்டுப் பார்த்தால் அம்மம்மாவின் ருசிதான். சேர், நீங்கள் சொன்னது சரி.

தங்கச்சிக்கும் தம்பிக்கும்: இந்த முறை இரண்டாவதாக இஞ்சி வைனும் போட்டிருக்கிறேன். இஞ்சி, செத்தல் மிளகாய் ஒன்று, கறுவா, கராம்பு, சீனி எல்லாம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தேசிப்புளி விட்டது. ஈஸ்ட் இல்லை, மதுசாரம் இல்லை. காத்தான்குடிக்கு வரும் கேக்கில் பழத்தைத் தோடஞ்சாற்றில் ஊறவைக்கிறேன், தனித் தட்டில் வேகும். மில்க் வைன் போத்தலில் "சாராயம் சேர்ந்தது" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். பிள்ளைகளின் நாக்கில் இனி வைக்கமாட்டேன். அம்மா அதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறா, நான் பேசிக்கொள்கிறேன்.

சாராயம் இல்லாத மில்க் வைன் மட்டும் என் கையால் வராது. அதில் நான் மாறவில்லை.

---

படுவான்கரையாள் | டிசம்பர் 8, இரவு 8.05

நானும் மாறவில்லை அக்கா. எழுதி ஒட்டியதற்கு நன்றி. அப்பா வாசிக்கத் தெரிந்தவர், அது அவருக்கு உதவும்.

நத்தாருக்கு மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்லடிக்கு வருவேன். அன்று உங்கள் வீட்டில் மெழுகுதிரி கொளுத்துவீர்கள் என்று தெரியும். அம்மாவுக்கு இஞ்சி வைன் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். செத்தல் மிளகாய் ஒன்று காணாது, இரண்டு போடுங்கள்.