யாழினியின் வலியும் சாக மறுக்கும் செல்களும்

கமலா, மாலை 6:10
மது, யாழினிக்கு வந்திருப்பது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியாக உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்த மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய உட்படலம் போன்ற திசு, சூலகத்தின் மீதும் வயிற்றின் உள்ளுறையிலும் பற்றி வளர்ந்திருக்கிறதாம். இடம் தவறிப் போன செல்கள் அங்கே எப்படி உயிரோடிருக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. நீ செல்களைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய்?

மதுமிதா, மாலை 6:31
சித்தி, இந்த நோயைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். மாதவிடாயின்போது உதிரும் படலத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் விழுகிறது என்று ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் விளக்கினார். அந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோயோ, பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆகவே செல்கள் அங்கே போய்ச் சேர்வது மட்டும் நோயாகிவிடாது. போன பின்பும் அவை சாகாமல் வேர் பிடிப்பதுதான் நோய்.

சிவகுமார், மாலை 6:38
சாகாமல் வளர்கிறது என்றால் அது புற்றுநோய் ஆகாதா, மது?

மதுமிதா, மாலை 6:55
இது புற்றுநோய் அன்று, மாமா. ஆழமாக ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸ் திசுக்கள் சிலவற்றில், புற்றுநோயோடு தொடர்புடைய கேராஸ் போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனாலும் அந்தத் திசுக்கள் புற்றுநோயாக இருக்கவில்லை.

நம் உடலில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதை அப்போப்டோசிஸ் என்கிறோம். தான் ஒட்டியிருந்த தளத்தை விட்டுப் பிரிந்த செல், வழக்கமாக அந்த ஏற்பாட்டின்படியே மடிந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் இந்தத் தற்சாவு குறைந்திருக்கிறது. சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் அவர்களுடைய செல்களில் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கருப்பைக்கு உள்ளேயே இருக்கும் படலத்திலும் இந்தக் குறைவு தென்படுவதால், செல்கள் புறப்படும்போதே சாகாத இயல்போடு புறப்படுகின்றன என்று நான் கருதுகிறேன்.

யாழினி, இரவு 7:04
அக்கா, ஈஸ்ட்ரோஜன்தான் இதை வளர்க்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் என் ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன்கள் எல்லாம் சரியான அளவில்தானே இருந்தன?

மதுமிதா, இரவு 7:29
ரத்தத்தில் சரியாக இருக்கலாம், யாழினி. இந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இயல்பான கருப்பைப் படலத்தில் அநேகமாக இல்லாத அரோமட்டேஸ் என்ற நொதி இங்கே வேலை செய்கிறது. அதனால் உண்டாகும் ஈஸ்ட்ரோஜன், புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பெருக்குகிறது. புராஸ்டாகிளாண்டின் திரும்பவும் அரோமட்டேஸைத் தூண்டுகிறது. இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் அந்தச் சுழலில் வரும் புராஸ்டாகிளாண்டின்தான் உன் வலிக்கும் ஒரு முக்கியக் காரணம். புதிதாக முளைக்கும் நரம்பு இழைகளும் அந்த வலியைக் கூட்டுகின்றன. உன்னைச் சிலர் மிகைப்படுத்துகிறாய் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

மேலும், ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் பீட்டா வகை ஏற்பி இந்தச் செல்களில் மிக அதிகம். செல்லைச் சாகச் சொல்லி வெளியிலிருந்து வரும் கட்டளை நிறைவேறாதபடி அது குறுக்கே நிற்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளர்ச்சியைக் கட்டுப்படுத்த வேண்டிய புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனுக்கோ இந்தத் திசு சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

கமலா, இரவு 7:36
கழிவை அப்புறப்படுத்தும் வெள்ளணுக்கள் என்ன செய்கின்றன?

மதுமிதா, இரவு 7:52
அவை வருகின்றன, சித்தி. ஆனால் வந்த வேலையைச் செய்வதில்லை. இயற்கைக் கொல்லி செல்களின் தாக்கும் திறன் குறைந்திருக்கிறது. செல்களை விழுங்க வேண்டிய மேக்ரோபேஜ்கள் விழுங்குவதை விட்டுவிட்டு, புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ஒரு புண் ஆறுவதற்கு உதவுவதைப் போலவே அவை நோய்த் திசுவுக்கு உதவிவிடுகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிவகுமார், இரவு 8:01
அப்படியானால் அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பிறகும் மாத்திரை எதற்கு?

மதுமிதா, இரவு 8:15
கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் எஞ்சியிருக்கலாம். புதியனவும் வந்து சேரலாம், மாமா. டையனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனைத் தணித்து, திசுவை ஒடுக்கி வைக்கின்றன. அதை அடியோடு அழிப்பதில்லை. அதனால்தான் நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். சாவைத் தடுக்கும் புரதங்களையே குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. எவ்வளவு காலம் மாத்திரை எடுக்க வேண்டும் என்பதை, யாழினி பிள்ளை பெற எப்போது விரும்புகிறாள் என்பதையும் சொல்லி, மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கமலா, இரவு 8:27
பள்ளி நாள்களிலிருந்து அவள் சுருண்டு படுக்கும்போதெல்லாம், எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், பொறுத்துக்கொள் என்று சொன்னவள் நான்தான். என்னை மன்னித்துவிடு, கண்ணே.

யாழினி, இரவு 8:30
உனக்கும் அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள், அம்மா. செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது நீ வெளியே உட்காராமல் என்னோடு உள்ளே வா. அக்கா, நான் கேட்க வேண்டிய கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.