நகராட்சியில் சீசன் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

மூடுபனி:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம், எங்களுடையது. பி.காம். இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்துவிட்டது. சீசன் முடியும் வரை ஒரு நகராட்சியில் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பிளாஸ்டிக் சோதனை, டூரிஸ்ட்டுக்கு வழி சொல்வது, பார்க்கிங்கில் நிற்பது, இப்படி. நாளுக்கு 450 ரூபாயாம். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "அந்த நேரத்தில் இலை பறித்தாலும் காசு வரும்" என்கிறார். போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரசீது புக்:
போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் கையில் வாங்காமல் போகாதே என்றுதான் சொல்வேன்.

2024 சீசனில் நான் போனேன். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள், மலை மேல் உள்ளதுதான். ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள், ஏப்ரல் 20, வரச் சொன்னார்கள். மே 31 வரை 38 நாள் வேலை. நாளுக்கு 400 என்று வாயால் சொன்னதுதான், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒரு பச்சை ஜாக்கெட், ஒரு ரசீது புத்தகம், நடுவில் வைக்க ஒரு கார்பன் தாள். ஊருக்குள் வரும் வண்டியை நிறுத்தி, 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அபராத ரசீது போட வேண்டும்.

மதியம் 2 மணிக்கு மேல் தூறல் ஆரம்பிக்கும். குடை பிடித்தால் எழுத முடியாது, எழுதினால் குடை பிடிக்க முடியாது. கார்பன் நனைந்தால் மேல் தாளில் எழுதியது கீழே விழாது. ஒரு நாள் திருப்பூர் வேன் ஒன்று வந்தது. உள்ளே பாட்டி, மடியில் கைக்குழந்தை, சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி தண்ணீர் பாட்டில். "பிள்ளைக்குப் பால் கலக்கணும், உனக்கு ஒண்ணு பொறக்கும்போது தெரியும்" என்று சாபம் மாதிரி சொன்னார். பின்னால் இருபது வண்டி ஹாரன். இரண்டு பாட்டிலைக் குழந்தைக்கென்று விட்டுவிட்டு மீதியை எடுத்தேன். சாயங்காலம் கணக்கு ஒப்படைக்கும்போது 200 ரூபாய் இடித்தது. அந்தக் கலவரத்தில் போட்ட ரசீது அடித்தாளில் பதியவே இல்லை. என் கையிலிருந்து கட்டினேன்.

மே 7ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. அது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஆனால் ஜாக்கெட் போட்டவள் நான், எல்லோரும் என்னிடம்தான் போனை நீட்டினார்கள். சிக்னல் கிடைக்காத வளைவில் ஓ.டி.பி.க்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது.

சம்பளம் எப்போது வந்தது? செப்டம்பரில். 15,200 வர வேண்டிய இடத்தில் 12,800. ஆறு ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் இல்லை. ஞாயிறுதானே கூட்டமே! போதாததற்குச் சான்றிதழில் "தன்னார்வலராகச் சேவை புரிந்தார்" என்று போட்டிருந்தார்கள்.

கேரட் மூட்டை:
இதற்குத்தான் லீவில் நான் கேரட்டுக்குப் போகிறேன். ராத்திரி 1 மணிக்குப் பிக்கப் வரும். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் பிடுங்கி, கழுவுகிற இடத்தில் இறக்கிவிட்டால் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். காலையில் கையில் காசு. சான்றிதழ் இல்லை, சரி. "தன்னார்வலர்" என்று யாரும் கேலியும் செய்வதில்லை.

பழைய பேரேடு:
31 வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து 2018ல் ஓய்வு பெற்றவன். ரசீது புக் அம்மா சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

2024 மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தது. அந்த நேரத்தில் புதிதாக ஆள் எடுக்கத் தீர்மானம் போட வழியில்லை. சீசன் தேர்தலுக்காகக் காத்திருக்குமா? யாரோ ஒரு அதிகாரி வாயால் "வாங்கம்மா" என்றிருப்பார். நல்ல எண்ணத்தில்தான். அப்புறம் மன்றம் கூடி, நடந்துவிட்ட செலவுக்குப் பின்னேற்பு, அதாவது பிறகு கொடுக்கும் ஒப்புதல், வாங்கி, பில் போட்டு, கமிஷனர் கையெழுத்தாகி... செப்டம்பர் ஆகும்.

ஞாயிறு விஷயம் எனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. மஸ்டர் ரோலில், அதாவது கூலியாட்கள் வருகைப் பதிவேட்டில், ஞாயிறு கட்டத்தில் மேஸ்திரி கோடு கிழித்துவிடுவார். வந்தாலும் கோடு, வராவிட்டாலும் கோடு, கைப்பழக்கம். கோடு உள்ள நாளுக்கு நான் சம்பளம் போட்டால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் என் பெயருக்கு ஆட்சேபணை வரும். அதைத் தீர்க்காமல் ஓய்வு பெற்றால் பென்ஷன் பணத்தில் கை வைப்பார்கள். யார் துணிவார்?

இவ்வளவுக்கும் பிறகு சொல்கிறேன் மூடுபனி, போம்மா. 1984ல் சீசன் தினக்கூலியாகத்தான் நானும் உள்ளே போனேன், தெருவிளக்கு எண்ணுவதற்கு. 412 கம்பம். எண்ணி முடிக்கும்போது எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், எந்த ஓடை எந்த ஹோட்டலுக்கு அடியில் மறைந்துபோனது என்று எல்லாம் தெரிந்துவிட்டது. 1987ல் நிரந்தரம். கேரட் பிடுங்கினால் ஊர் தெரியாது.

கேரட் மூட்டை:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவையில் சட்டம் படிக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் நுழைந்த கதவு 2006ல் மூடப்பட்டுவிட்டது. கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக உள்ளே வந்தவர், எத்தனை வருடம் வேலை செய்தாலும், நிரந்தரம் கேட்க உரிமை இல்லை. உங்கள் 412 கம்பம் உங்களுக்கு 1987ஐக் கொடுத்தது. இந்தப் பெண் 412 வண்டியை நிறுத்தினால் அவளுக்கு என்ன கிடைக்கும்? சளி.

கேரட் பிடுங்கினால் ஊர் தெரியாது என்கிறீர்கள். ராத்திரி 2 மணிக்குக் காட்டெருமை எந்த வழியாகத் தோட்டத்துக்கு இறங்கும் என்று உங்கள் மேஸ்திரிக்குத் தெரியுமா?

பழைய பேரேடு:
தெரியாது. அவரிடம் கோடு கிழிக்கும் பேனாதான் உண்டு. :) தம்பி சொன்ன தீர்ப்பு சரி. நிரந்தரம் ஆகும் என்று நான் சொல்லவில்லை, அனுபவம் என்றேன். முறையான வழியும் ஒன்று இருக்கிறது. 2020 ஜூன் 4ல் மத்திய அரசு "துலிப்" என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. நகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டிகளிலும் இன்டர்ன்ஷிப். இணையத்தில் பதிவு, 8 வாரத்திலிருந்து ஒரு வருடம் வரை.

ரசீது புக்:
ஐயா, அது பட்டம் முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு. மூடுபனி இன்னும் இரண்டாம் வருடம். உதவித்தொகை கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அந்தந்த நகராட்சியிடமே விட்டிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே மேஜைக்குத்தான் வருகிறோம்.

பெருமாள்மலை:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து. இத்தனை பேர் பேசுகிறீர்கள், குப்பை அள்ளுகிறவர்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

என் அம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்தக்காரரிடம். இந்த வேலையை வெளியாள் மூலம் செய்வதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது. சீசன் வந்தால் அம்மாவுக்கு லீவு கிடையாது. காலை 5 மணிக்குப் பனியில் போனால், டூரிஸ்ட் போட்ட பிரியாணி டப்பாவையும் நாப்கினையும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையால் பிரிக்க வேண்டும். 10 மணிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் புது கிளவுஸ், புது தொப்பியோடு வருவார்கள். ஒரு மணி நேரம் பொறுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்தக் கிளவுஸைக் கழற்றி அம்மாவின் தள்ளுவண்டியிலேயே போட்டுவிட்டுப் போன வருடமும் உண்டு. அம்மா அதைக் கழுவி ஒரு மாதம் போட்டுக்கொண்டார்.

ரசீது புக்கின் சம்பளம் நாலு மாதம் தள்ளி வந்தது தப்புதான். ஆனால் சீசனுக்கென்று நகராட்சியில் ஒதுக்கும் பணம் முதலில் யாருக்குப் போக வேண்டும்? நாற்பது நாளைக்கு வரும் மாணவருக்கா, முந்நூற்றறுபத்தைந்து நாளும் நிற்பவருக்கா?

ரசீது புக்:
நாங்கள் போட்டோவுக்கு வந்தவர்கள் இல்லை அண்ணா. 38 நாளும் நின்றோம்.

அந்தக் கிளவுஸ் விஷயத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எங்களுக்கும் புது கிளவுஸ் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற அக்காவுக்கு இல்லை. எனக்கு அப்போது அது கண்ணில் படவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடலூர் தூரம்:
சொந்த ஊர் கூடலூர், இப்போது அமெரிக்காவில். இங்கே நகர அரசாங்கங்கள் இதைப் பெரிய அளவில் செய்கின்றன. நியூயார்க்கில் கோடைகால இளைஞர் வேலைத் திட்டம் 1963லிருந்து நடக்கிறது. 14 முதல் 24 வயது வரை, ஆறு வாரம். விண்ணப்பம் அதிகம் என்பதால் பெரும்பாலும் குலுக்கல். பூங்கா, நூலகம், முகாம், அலுவலகம் என்று எங்கெங்கோ அனுப்புகிறார்கள். முக்கியமான விஷயம், தன்னார்வலர் என்ற பேச்சே இல்லை, சம்பளப் பட்டியலில் பெயர். பதினாறு வயதுப் பையன் தன் முதல் சம்பளச் சீட்டைப் பிரித்து, பிடித்தம் என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்கிறான். நம் ஊரில் ஏன் இது முடியாது?

ரசீது புக்:
நான் பொருளாதாரம் படித்தவள், இது பாடத்தில் வந்தது. நியூயார்க்கில் குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் கெல்பர், ஐசன், கெஸ்லர் மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016ல் வெளியான ஆய்வு. பின்னாளில் சம்பளமும் கூடவில்லை, கல்லூரி சேர்வதும் கூடவில்லை. "அனுபவம் பின்னால் உதவும்" என்று சொல்லிக் காசைக் குறைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கூடலூர் தூரம்:
பாதியைச் சொல்லி விட்டுவிட்டீர்கள் தங்கச்சி. அதே ஆய்வில், வேலை கிடைத்தவர்கள் சிறைக்குப் போவதும், இளவயதிலேயே இறப்பதும் குறைந்திருந்தது. சிகாகோவிலும் சாரா ஹெல்லர் 2014ல் வெளியிட்டார்: எட்டு வாரக் கோடை வேலை கிடைத்தவர்களிடம் வன்முறைக் குற்றத்துக்கான கைது 16 மாதத்தில் 43 சதவீதம் குறைவு.

பெருமாள்மலை:
மூடுபனி சிறைக்குப் போகிற ஆள் மாதிரி தெரியவில்லை. இலை பறிக்கப் போவதா பாட்டில் பிடுங்கப் போவதா என்றுதான் கேட்டது அந்தப் பிள்ளை.

கேரட் மூட்டை:
:))) அண்ணன் சொன்னது சரி. அந்த ஊர் துப்பாக்கி வேறு, நம் ஊர் ரசீது புக் வேறு. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் என்பதை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்யலாம்.

பழைய பேரேடு:
ராத்திரி யோசித்தேன். நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். நடத்தை விதி ஜூன் 6ல் முடிந்தது. பின்னேற்பு வாங்க ஜூன் கூட்டமே போதும். செப்டம்பர் வரை இழுத்ததற்குத் தேர்தல் காரணமில்லை. கோப்பு யாரோ ஒருவர் மேஜையில் தூங்கியிருக்கிறது. என் மேஜையிலும் அப்படித் தூங்கியவை உண்டு. தினக்கூலிக் கோப்பு என்றால் அடியில் வைப்போம், ஒப்பந்தக்காரர் நேரில் வந்து நிற்பார், அவருடையது மேலே வரும்.

அதனால் மூடுபனி, நான் சொன்ன "போம்மா"வோடு இதையும் சேர்த்துக்கொள். முதல் நாளே செயல்முறை ஆணையின் நகல் கேள். அதில் உன் பெயர், நாள் கூலி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். மஸ்டரில் நீயே கையெழுத்துப் போடு, ஞாயிறும் சேர்த்து. வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். மேஸ்திரி முறைப்பார், முறைக்கட்டும். ரசீது புத்தகம் வாங்கும்போது முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கு. கார்பன் தாள் இரண்டு வை, ஒன்றை பிளாஸ்டிக் கவரில்.

ரசீது புக்:
பிளாஸ்டிக் கவரிலா? அபராதம் போடட்டுமா ஐயா?

பழைய பேரேடு:
மஞ்சப்பையில் வைத்துக்கொள்ளட்டும் அம்மா. விட்டுவிடு.

பெருமாள்மலை:
மூடுபனி, போனால் ஒரு உதவி செய். கிளவுஸ் கொடுக்கும்போது எத்தனை ஜோடி வந்தது, யார் யாருக்கு என்று கேள். பதில் வராது. நீ கேட்டாய் என்று அந்த அக்காக்களுக்குத் தெரிந்தால் போதும்.

மூடுபனி:
எல்லோருக்கும் நன்றி. இன்று அப்பாவோடு நேரில் போய் வந்தேன். வேலை உண்டு என்றார்கள். ஆணை நகல் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "பொண்ணு இப்பவே கேஸ் போடுற மாதிரி பேசுதே" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டதைக் கொடுங்க, வரோம்" என்று மட்டும் சொன்னார். மேலதிகாரி மீட்டிங்கில் இருக்கிறாராம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு இலை எடை போடும் நாள். நான் தனியாக முதல் பஸ்ஸில் போகிறேன். கிளவுஸையும் கேட்கிறேன் அண்ணா.