இழை: கதைசொல்லியின் வாயில் பாத்திரத்தின் குரல் – ஒரு சொல் தேவை

தொண்டியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மூன்றாமாண்டு மாணவர்களுக்கான கதையியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்பீச். 1912இல் ஷார்ல் பாலி என்ற மொழியியலாளர் பிரெஞ்சில் பெயர் வைத்தது. தற்காலிகமாகக் 'கட்டற்ற மறைமுக உரை' என்று போட்டுவைத்தேன். வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, "ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுறதா மிஸ்?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல் போயிற்று.

விஷயம் புதிதாகத் தோன்றுபவர்களுக்காக, வகுப்புப் பயிற்சிக்கு நானே எழுதியதைத் தருகிறேன். (கச்சான் என்பது மேல்காற்று.)

நேர்கூற்று: "நாளைக்கும் கச்சான்தான் அடிக்கும், இவர் எங்கே என் பேச்சைக் கேட்கப்போகிறார்" என்று மரியம் நினைத்தாள்.

அயற்கூற்று: மறுநாளும் கச்சான் அடிக்கும் என்றும் கணவர் தன் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்றும் மரியம் நினைத்தாள்.

மூன்றாவது வகை: மரியம் கடலைப் பார்த்தாள். நாளைக்கும் கச்சான்தான். இந்த மனுஷன் எங்கே அவள் பேச்சைக் கேட்கப்போகிறார்! கடலுக்குப் போகிற ஆம்பளைக்குக் காது எதற்கு?

இந்த மூன்றாவதில் 'என்று' இல்லை, 'நினைத்தாள்' இல்லை. ஆனாலும் குரல் அவளுடையது. தேர்வில் கொடுத்தால், பலர் 'ஆசிரியருக்கு மீனவர்கள்மேல் மதிப்பில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் ஒன்று இருந்தால் கரும்பலகையில் எழுதிவிட்டு மேலே போகலாம்.

தேவிபட்டினத்திலிருந்து:

அம்மா, வாழ்க. பாலி 1912இல் கண்டதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணியே வைத்துவிட்டார். 34 உறுப்புகளில் கூற்று உண்டு, கேட்போர் உண்டு, களன் உண்டு, முன்னமும் உண்டு. இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொல்வதே பொருந்தும் என்று குறிப்பால் அறிய வைப்பது முன்னம். உங்கள் மாணவர்களுக்குப் பிடிபடாமல் போனது அதுதான். 'முன்னக்கூற்று' என்று வையுங்கள். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாம்பனிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். 'முன்னக்கூற்று' என்றால் பையன்கள் 'முன்னே சொன்னது' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது போகட்டும், எனக்கு வேறொரு தடை இருக்கிறது. அகப்பாட்டில் தலைவி பேசினால் தலைவிதான் பேசுகிறாள், புலவர் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. இங்கே கதைசொல்லி போகவில்லை, அங்கேயே நிற்கிறார். 'அவள் பேச்சை' என்ற படர்க்கை கதைசொல்லியுடையது. 'நாளைக்கும்' என்ற காலமும் 'இந்த மனுஷன்' என்ற சுட்டும் மரியத்தினுடையவை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. 'அவள் பேச்சை' என்பதைத் 'தன் பேச்சை' என்று மாற்றிப் பாருங்கள். சட்டென்று இன்னும் ஓரடி உள்ளே போய்விடுகிறோம். கூடவே சிக்கலும் வருகிறது: 'தன்' கணவரையும் குறிக்கலாமே? ஆங்கில இலக்கண நூல்கள் இந்த நடையை விளக்கும்போது வினையின் காலம் ஒருபடி பின்னுக்குப் போவதைப் பெரிய அடையாளமாகச் சொல்லும். நம் அயற்கூற்றில் காலம் அப்படி நகர்வதே இல்லை. நமக்கு அடையாளம் 'என்று' உதிர்வதும் நாளை, மறுநாள், தன், அவள் என்ற இந்தச் சில்லறைச் சொற்களும்தான். கையேட்டில் அதை எழுதுங்கள் டீச்சர், பெயரைவிட அது முக்கியம்.

மாணவர்கள் குழம்பியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மதாம் பொவாரி' நாவலுக்காக ஃப்ளோபேர் மீது 1857இல் பாரிஸில் வழக்கு நடந்ததே, அதிலும் அரசு வழக்கறிஞர் செய்தது இதைத்தான். நாவலின் நாயகி எம்மாவின் மனக்கிளர்ச்சியாக வந்த வரிகளை ஆசிரியரின் கருத்தாகப் படித்துக்காட்டி, ஒழுக்கக்கேட்டை மெச்சுகிறார் என்றார். ஃப்ளோபேர் விடுதலையானார். அந்த வாசிப்பில் இருந்த கோளாறை யாவுஸ் என்ற ஜெர்மன் திறனாய்வாளர் பின்னாளில் எடுத்துப் பேசினார். வாசகர் தானாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆசிரியர் கைகாட்டாமல் விடுகிறார், அவ்வளவுதான்.

என் பரிந்துரை: தோய்கூற்று. ஒரு குரல் இன்னொன்றில் தோய்கிறது.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன், "துணி தோய்க்கிற இடமா?" என்று கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'இருகுரல்'. இருகுரல் நடை, இருகுரல் வரி, எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸுக்கு 'நனவோடை' ஏன் நின்றது? ஓடை தெரியாத தமிழன் இல்லை. பாதிச் சொல்லாவது வீட்டில் புழங்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து:

இருகுரல் என்றால் பாட்டுக் கச்சேரி. நிற்க.

'கூற்று' என்பதையே நாம் யோசிக்காமல் பிடித்துக்கொண்டோம். கூறு என்றால் பங்கு, பிளவு. மீனைக் கூறு போட்டு விற்கிறோம். உயிரையும் உடலையும் கூறுபடுத்துவதால் யமன் கூற்றுவன். சொல்வதையும் 'கூறுதல்' என்கிறோமே, ஏன்? மனத்தில் ஒன்றாகக் கிடப்பதைப் பகுத்து வெளியே வைப்பதால் என்பது என் ஊகம். அப்படியானால் பகுக்கப்படாத, இருவர் குரலும் பிரியாத ஒன்றைக் 'கூற்று' என்பது முரண். 'தோய்கூற்று' என்பது 'பிரியாப் பிளவு' என்பதுபோல. 'மொழி' என்று முடியட்டும்: தோய்மொழி. தோய்ந்த, தோய்கின்ற, தோயும் மொழி என விரியும் வினைத்தொகை. யாராவது தோய்க்கூற்று என்று ஒற்று மிகுத்து எழுதினால் நான் இக்குழுவிலிருந்து விலகுவேன்.

குரலைப் பற்றிப் பேசும்போது நம் சேதுச் சீமைச் சரக்கையும் மறக்க வேண்டாம். ராமநாதபுரம் மன்னர் ரகுநாத சேதுபதிமேல் அமிர்தகவிராயர் பாடிய ஒருதுறைக்கோவை. நாணிக் கண் புதைத்தல், அதாவது தலைவி வெட்கப்பட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வது, என்ற ஒரே துறையில் 400 பாட்டு. பாட்டுக்கு ஒரு பொன்தேங்காய் பரிசு என்று சொல்வார்கள். தலைவன் பேசிக்கொண்டே இருக்கிறான், அவளுக்கு ஒரு வரி இல்லை. ஆனாலும் படித்து முடிக்கையில் நமக்கு யார் முகம் தெரிகிறது?

கீழக்கரையிலிருந்து:

பொன்தேங்காயா? பொன்னாலேயே தேங்காயா, இல்லை உள்ளே பொன் வைத்ததா? என் வாப்பா ஒருவிதமாகச் சொல்வார், ராமநாதபுரத்து நண்பர் வேறுவிதமாகச் சொல்வார்.

மண்டபத்திலிருந்து:

தேங்காயைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டீச்சருக்கு இரண்டே நாள் இருக்கிறது.

எனக்குத் 'தோய்' மீது வேறு குறை. தோய்தல் என்றால் ஒட்டுறவு, அன்பு. ஆனால் இதே நடையைக் கேலிக்கும் எழுதுவார்கள். சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவரைப் பற்றி, 'அவரைவிட்டால் இந்தக் கரைக்கு நாதி ஏது? கடன் கொடுத்தது யார்? வட்டி என்ன பெரிய வட்டி!' என்று எழுதினால், கதைசொல்லி அவரில் தோயவில்லை, அவரைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறார். படிக்கிறவருக்கு முதல் வரியில் நம்பிக்கை வருகிறது, மூன்றாம் வரியில் சிரிப்பு வருகிறது. அந்த வழுக்கல்தான் சுவாரசியமே. ஜெர்மன்காரர்களின் சொல்லுக்கு, 1921இல் லோர்க் என்ற அறிஞர் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தது, ஏறக்குறைய 'அனுபவித்த பேச்சு' என்று பொருள். அதிலும் கேலிக்கு இடமில்லை. அவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது.

இன்னொன்று, கரைவலை இழுக்கிற ஊர்க் கதைகளில் சில சமயம் ஒரு ஆளின் மனமே இருக்காது, ஊரே நினைக்கும். 'ஏன் இவ்வளவு நகை? துபாய்ப் பணம்தானே.' இது யார்? கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்கிற 'இரு' இங்கே உடையும்.

பாம்பனிலிருந்து:

அக்கா, ஊர்க்குரல் என்றாலும் கதைசொல்லி ஒன்று, ஊர் ஒன்று, இரண்டுதானே? காக்காவுக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நான் இன்னும் தோய்கூற்றுக் கட்சிதான். கேலியிலும் சொல் தோய்ந்துதான் இருக்கிறது, மனம்தான் தள்ளி நிற்கிறது. நேர்கூற்று, அயற்கூற்று என்று மாணவர்கள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள். மூன்றாவதும் கூற்றிலேயே முடிந்தால் வரிசையில் உட்காரும். ஐயாவின் 'மொழி' வந்தால் அது தனியாகத் தொங்கும்.

தொண்டியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். வரிசை என்ற காரணத்துக்காகவே 'தோய்கூற்று' போடுகிறேன். பக்கத்தில் ஒரு வரி: 'இருகுரல் நடை என்றும் சொல்லலாம்'. மண்டபம் அக்காவின் சம்மாட்டி உதாரணத்தை அப்படியே சேர்த்துவிட்டேன், மரியத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது. பாம்பன் தம்பி சொன்ன 'தன்' பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஊர்க்குரலுக்கு இடமில்லை, அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

மண்டபத்திலிருந்து:

சரி. எனக்கு முழுச் சம்மதமில்லை, ஆனால் வேறு சொல்லும் என்னிடம் இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். தோய்மொழி. காரணம் மேலே.

கீழக்கரையிலிருந்து:

டீச்சர், நான் வகுப்பில் இருகுரல் என்றேதான் சொல்வேன். நீங்கள் தாள் திருத்தும்போது அதற்கும் மதிப்பெண் போடுவீர்களா என்பதை மட்டும் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.