வாசிப்பு ஆய்வில் போய் உட்கார்ந்தவர்கள் யாராவது உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கதை படிக்கத்தானே கூப்பிடுகிறார்கள் என்று போனேன். திரையில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான் தெரியும். பொத்தானைத் தட்டினால் அது மறைந்து அடுத்தது வரும். பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று கணினி மில்லிநொடிக் கணக்கில் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முடித்த பிறகு அதே கதையைத் தாளில் கொடுத்து, மனதில் தைத்த இடங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

கடைசியில் ஆய்வாளர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். தாய் இறக்கும் பத்திக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தேன். ஆனால் அந்தப் பத்தியை விறுவிறுவென்று கடந்திருக்கிறேன். நின்றது வேறு இடத்தில். கதவின் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி. வினைச்சொல் முதலில் வந்துவிட்டது, எழுவாய் கடைசியில் போய்த் தொங்கியது. அந்த வரிக்கு நான் போட்ட மதிப்பெண் பூஜ்யம்!

மயால், கைக்கன் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையில்தான் நடந்தது. மொழி வழக்கத்திலிருந்து விலகும் இடங்களில் வாசகர்களின் வேகம் குறைந்தது. மனதைத் தொட்டதாக அவர்கள் சொன்னதும் பெரும்பாலும் அதே இடங்களைத்தான். என் தாளில் இரண்டும் ஒட்டவே இல்லை. "ஒருவர் தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாதுங்க" என்று ஆய்வாளர் சிரித்துவிட்டார். எனக்கென்னவோ அந்த ஒட்டாமைதான் சுவாரசியமாக இருந்தது.

*

நான் உட்கார்ந்தது கண் அசைவுக் கருவி முன்னால். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டு, கண் டாக்டரிடம் போனது மாதிரியேதான். முதலில் திரையில் புள்ளி தோன்றும் இடத்தையெல்லாம் பார்க்கச் சொல்லி, கருவியை நம் கண்ணுக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறார்கள்.

படிக்கும்போது கண் வரி மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. சின்னச் சொற்கள் பலவற்றைத் தொடாமலே தாண்டிவிடும், அவ்வப்போது பின்னாலும் தாவும். எனக்குக் கொடுத்தது ஒரு மரபுக்கவிதை. இரண்டாம் அடியின் முதல் சீரைத் தொட்டவுடனே கண் முந்தைய அடியின் முதல் சீருக்குப் போய் வந்திருக்கிறது. எதுகை அங்கேதானே இருக்கிறது! நான் எதையும் தேடிப் போனதாக நினைவே இல்லை. "எதுகையைக் கவனித்தீர்களா?" என்று கேட்டபோது "இல்லை" என்றுதான் சொல்லியிருந்தேன்.

*

இதற்கெல்லாம் கருவி வேண்டியதில்லை, தாளும் பேனாவும் போதும். வகுப்பில் ஒரு கவிதையைக் கவிஞர் பெயர் இல்லாமல் கொடுத்தேன். ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்து 1929இல் புத்தகமாகப் போட்டாரே, அந்த முறை. அவருடைய மாணவர்கள் பேர்போன கவிஞர்களையே போட்டுத் தாக்கினார்கள். ஜான் டன்கூடத் தப்பவில்லை. என் மாணவர்கள் யாரையும் தாக்கவில்லை. "நல்ல கருத்து" என்று ஒரே வாய்ப்பாடு. ஒரே ஒரு பெண் மட்டும், "எழுதியவர் யார் என்று சொன்னால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

*

ஐயா, அந்தப் பெண் சொன்னதற்குச் சான்றே இருக்கிறது. உளவியலாளர் ரோல்ஃப் ஸ்வான் ஒரே பகுதியைச் சிலரிடம் செய்தி என்றும் சிலரிடம் இலக்கியம் என்றும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாகப் படித்தார்கள், வாக்கியம் எப்படி அமைந்திருந்தது என்பதும் அவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தது. எழுத்து ஒன்றுதான், மேலே ஒட்டிய சீட்டுதான் வேறு.

நான் இந்த வேலையின் மறுபக்கத்தில் இருக்கிறேன். வாசகர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு வகையில் போடுவேன்: பாத்திரத்தோடு ஒன்றுதல், சொந்த நினைவு, நடை பற்றிய கருத்து, தீர்ப்பு... இப்படி. ஒருவரே செய்தால் செல்லாது. இன்னொருவர் என் வகைப்பாட்டைப் பார்க்காமல் தனியே செய்ய வேண்டும், பிறகு இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் கதையை விட்டுவிட்டுத் தங்கள் கதைக்குப் போய்விடுகிறார்கள் என்பதை இங்கே உட்கார்ந்தால்தான் பார்க்கலாம்.

*

கதை படித்தால் பிறர் மனம் புரியும் என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

*

கிட், கஸ்தானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இலக்கியக் கதை கொஞ்சம் படித்தவர்கள், கண்களை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் தேர்வில் மேலாகச் செய்தார்கள் என்றது அந்தக் கட்டுரை. 2016இல் வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நாள்பட வாசிக்கிறவர்களிடம் ஒரு சிறு தொடர்பு தெரிகிறது. வாசிப்பால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் வாசிக்க வருகிறார்களா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது. "நாவல் படி, நல்லவனாவாய்" என்று இதைச் சுவரொட்டியில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

*

மறுபக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. எந்த வகையிலும் அடங்காத பதில் வந்தால் என்ன செய்வீர்கள்?

*

வரும். ஒரு அம்மா, "அழுகை வந்தது, ஆனால் கதைக்காக இல்லை, அந்த வாக்கியம் முடிந்துபோனதற்காக" என்றார். நான் 'நடை'யில் போட்டேன். சக ஆய்வாளர் 'சொந்த உணர்ச்சி'யில் போட்டார். அரை மணி நேரம் வாதாடினோம், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 'பிற' என்ற கட்டத்தில் போட்டு, அந்தப் பேச்சை மட்டும் முழுதாகப் பின்னிணைப்பில் சேர்த்தோம்.