மேன்ஷன் அறை, மொட்டை மாடி, செல்போன்: உங்கள் அனுபவம் என்ன?

முன்னாள் மேன்ஷன்வாசி:
2021இல் வேலைக்காகச் சென்னை வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கினேன். அறைக்கு மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். உட்கார நாற்காலி கிடையாது, எல்லாமே கட்டிலில்தான். ஒருவருக்கு நைட் ஷிஃப்ட். லீவு நாளில்கூடப் பகலில் அவர் தூங்குவார், நாங்கள் வாய் திறக்க முடியாது. அப்புறம் என்ன, இயர்போனை மாட்டிக்கொண்டு ரீல்ஸ்தான். பிளக் பாயிண்ட் வேறு என் தலைமாட்டிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று போனே கணக்குச் சொன்னது. தூங்க இரண்டு மணி ஆகும். காலையில் கண் எரிய எரிய பறக்கும் ரயிலில் தரமணி போவேன், அங்கேயும் கையில் போன்தான். மெரினா பத்து நிமிட நடை. போனதில்லை.

இப்போது நங்கநல்லூரில் மாடி போர்ஷன். சார்ஜர் போட சமையலறையில்தான் இடம் இருக்கிறது. போனை அங்கே விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போவேன், தாழப் பறக்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணக்கு நாலு மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. சத்தியமாக நான் திருந்தவெல்லாம் இல்லை.

வேளச்சேரி ஹாஸ்டல் பெண்:
உங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, அண்ணா. எங்கள் ஹாஸ்டலில் அதற்குப் பூட்டு. ஒன்பது மணிக்கு கேட்டையும் சாத்திவிடுவார்கள். அதற்கு மேல் போனைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் போனது, சிக்னலும் போனது. தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். போன் இல்லாத நாட்கள் நிம்மதியாக இருந்தன என்று சிலர் எழுதியதைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. பேட்டரி ஒவ்வொரு சதவீதமாகக் குறைவதைப் பார்ப்பதே பெரிய வேலை. வெள்ளம் வடிந்த பிறகும் ராத்திரியில் எழுந்து டவர் இருக்கிறதா என்று பார்ப்பேன். பவர் பேங்க் இல்லாமல் இன்றும் வெளியே போவதில்லை.

குரூப் 2 படிப்பவன்:
கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதிக்குப் போகிறேன். சுற்றிலும் எல்லாரும் குனிந்து படிக்கிறார்கள். போனை எடுக்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் டீ குடிக்க வெளியே வந்து பாருங்கள், அதே ஆட்கள், அதே குனிந்த தலை. நானும்தான்.