மறு: மறு: அடுக்கா, அடுக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காலை கணினிக் கோட்பாட்டுப் பாடத்தின் நான்காம் அலகைத் தொடங்குகிறேன். அதில் வரும் புஷ்டவுன் ஆட்டோமேட்டனுக்கும் (pushdown automaton) அதன் நினைவகமான ஸ்டாக்குக்கும் (stack) தமிழில் என்ன பெயர் என்பதுதான் நம் மடல்களின் கேள்வி. ஞாயிறு மாலைக்குள் தமிழ்க் குறிப்புகள் நகலெடுக்கப் போயாக வேண்டும். 'முடிவுறு தானியங்கி'யில் (finite automaton: எண்ணிக்கை வரம்புள்ள நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் கற்பனை எந்திரம்) நமக்குள் சண்டை வரவில்லை. பள்ளியில் 'முடிவுறு கணம்' படித்தவர்களுக்கு அது உடனே பிடிபட்டது. அதை வெண்டளையை, அதாவது வெண்பாவில் எந்தச் சீரின் பின் எந்த அசையில் தொடங்கும் சீர் வரலாம் என்ற விதியை, வைத்தே நடத்தினேன். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். கடைசியாக வந்த சீர் எது என்பது நினைவிருந்தால் போதும், அதற்கு முன் வந்தவற்றை மறந்துவிடலாம். அந்த நினைவுதான் 'நிலை'. ஆத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் கரும்பலகையில் தாமே அம்புக்குறி வரைந்து ஒரு குறளை முழுவதும் ஓட்டிக் காட்டினார். அன்று வகுப்பு முடிந்தும் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் புஷ்டவுன் ஆட்டோமேட்டனில் வந்து நிற்கிறது. முடிவுறு தானியங்கியோடு, கடைசியில் இட்டதை முதலில் எடுக்கும் நினைவகம் ஒன்றும் சேர்ந்த எந்திரம் அது. 'கீழ்த்தள்ளு தானியங்கி' வேண்டவே வேண்டாம். ஆங்கிலச் சொல்லில் இருப்பது சுருள்வில்லின் மேல் அடுக்கிய தட்டுகளின் படிமம். ஒரு தட்டை வைத்தால் மற்றவை கீழே அமிழும். அந்தத் தட்டுகளைக் காணாத பிள்ளைக்குக் 'கீழ்த்தள்ளு' என்றால் யாரை யார் தள்ளுவது? பெயரின் பின்பாதிக்குத் 'தானியங்கி'யை விட்டுப் 'பொறி' என்கிறார் புலவர் ஐயா:

> பொறி என்பது எந்திரம். பொறி என்பது எழுத்தும் அடையாளமும். எழுத்தைப் படிக்கும் எந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

புலவர் ஐயா, இந்த இரட்டைப் பொருள் என்னையும் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது. பொறித்தலும் பொறியும் ஒரே சொல்லில் கூடி நிற்பது அழகுதான். ஆனால் புலிப்பொறி, ஐம்பொறி, தீப்பொறி என்று மூன்று மடல்கள் போய்விட்டன. மாணவருக்கு முதலில் நினைவு வருவது எலிப்பொறி. 'தானியங்கி' ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு விருப்பமில்லை.

இனி பெயரின் முன்பாதி. அந்த ஸ்டாக் நினைவகத்துக்கு 'அடுக்கு' என்றே பலரும் சொல்கிறீர்கள். கணக்குப் புத்தகத்தில் அடுக்கு என்றால் இரண்டின் மேல் சிறிதாக எழுதும் மூன்று. இந்த அலகிலோ முதல் எடுத்துக்காட்டே, ஓர் எழுத்து ன முறை வரும் என்று அடுக்குக்குறி போட்டு எழுதும் மொழி (இங்கே மொழி என்பது எழுத்துச் சரங்களின் தொகுப்பு). 'அடுக்கு ன வரை அடுக்கில் இடுக' என்று எழுதிப் பாருங்கள், நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் அடுக்கம் என்றேன். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் அடுக்கம் என்பது மலைச்சாரல். எங்கள் ஊருக்கு இது ஒட்டும். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கடைசியாகக் கடந்த வளைவுதான் இறங்கும்போது முதலில் வரும். கடைசியில் இட்டதை முதலில் எடு! மலையிலிருந்து வரும் மாணவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கோவை நண்பர் இதில் சரியான ஓட்டையைக் கண்டுபிடித்தார். வளைவு 20 என்று எல்லை கட்டிவிட்டால், நிலைகளைக் கூட்டிக்கொண்டு முடிவுறு தானியங்கியே அந்த வேலையைச் செய்துவிடும். முழு உண்மை. எத்தனை ஏற்றமோ அத்தனை இறக்கம், ஏற்றத்துக்கோ மேல்வரம்பு இல்லை என்னும்போதுதான் நிலைகள் போதாமல் போகும். இதைத் தேர்வுக் கேள்வியாகவே வைக்கப் போகிறேன், அவருக்கு நன்றி.

அவருடைய மற்றொரு தடைக்குத்தான் என்னிடம் விடையில்லை. அடுக்குத் தானியங்கி, அடுக்கத் தானியங்கி: மகர ஈறு கெட்டு வல்லினம் மிக்கபின் இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர்தான் வேறுபாடு. கடைசி பெஞ்சுக்கு அது கேட்காது.

நினைவகத்தில் வைப்பதற்கு 'இடு' (push), அதிலிருந்து எடுப்பதற்கு 'எடு' (pop), இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. அவை நிற்கட்டும்.

எந்திரத்தின் பெயருக்கு ஐந்து பேர் 'அடுக்குத் தானியங்கி' என்கிறீர்கள். குறிப்பில் அதையே இடுகிறேன். அடுக்குக்குறி வருமிடங்களில் 'ன முறை' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறேன். ஆனால் நினைவகத்தைத் தனியாகச் சொல்லும் பத்திகளில் அடுக்கம் என்றுதான் எழுதுவேன். அதை விட மனம் ஒப்பவில்லை. புலவர் ஐயா பொறியை விடவில்லை என்பதும் தெரியும். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் எழுதுங்கள்.